புயலுக்குப் பயந்து ஊருக்கு அனுப்பியவன்

1

நேற்றுக் காலை ஆறு மணி வானொலிச் செய்தியில், ஆப்பிரிக்கக் கரையை விட்டு இறங்கிய மேகக்கூட்டம் ஒன்றுக்கு எண் கொடுத்திருப்பதாகச் சொன்னார்கள். என் சின்ன மகள் அப்போது மடியில் உட்கார்ந்து வானொலியின் குமிழைக் கடித்துக்கொண்டிருந்தாள். வரும் வெள்ளிக்கிழமை அவளுக்கு ஒரு வயது நிறைகிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் இருப்பது கரீபியன் கடலின் கிழக்கு ஓரத்தில், வரைபடத்தில் ஓர் ஈ உட்கார்ந்தால் மறைந்துபோகும் தீவு. இங்குள்ள சர்க்கரை ஆலையில் கரும்புச் சாறு சோதிக்கும் வேலை. ஏழு வருடங்களுக்கு முன்புவரை கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் இதே வேலையைத்தான் பார்த்தேன். அங்கே கரும்பு மாட்டுவண்டியில் வந்தது, இங்கே டிராக்டரில் வருகிறது. மற்றபடி சோதனைக் குழாய்க்கு எல்லா ஊரும் ஒன்றுதான்.

ஜூன் பிறந்துவிட்டால் இங்கே மளிகைக் கடையில் சாமான் வாங்குகிறவர்களுக்கு ஒரு வரைபடத் தாள் இலவசம், நம் ஊரில் நகைக்கடைக்காரர் காலண்டர் கொடுப்பதைப் போல. இடது ஓரத்தில் அமெரிக்கா, வலது ஓரத்தில் ஆப்பிரிக்கா, நடுவில் கட்டம் கட்டமாகக் கடல். வானொலியில் புயல் இருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையைச் சொல்லச் சொல்ல நாம் பென்சிலால் புள்ளி வைக்க வேண்டும். காற்று மணிக்கு முப்பத்தொன்பது மைலைத் தொடும்வரை அதற்கு வெறும் எண்தான், யாரும் மதிப்பதில்லை. தொட்டதும் பெயர் வைப்பார்கள். எழுபத்து நாலைத் தாண்டினால் கடைக்காரர் சன்னலுக்கு அடிக்கும் பலகையின் விலையை ஏற்றிவிடுவார். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஆளே இல்லாத நடுக்கடலில் ஒரு மேகம் எங்கே நிற்கிறது என்பது எங்கள் தீவில் மீன் விற்பவருக்கும் தெரியும்.

2

சென்ற ஆண்டு ஜூலையில் என் மனைவி அமுதாவுக்கு ஏழாம் மாதம் தொடங்கியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஒரு புயல் எங்கள் வீட்டுக் கூரையில் பாதியைக் கொண்டுபோய் அடுத்த தெருவில் வைத்தது. அமுதாவும் மூத்தவள் கயலும் நானும் சாப்பாட்டு மேசைக்கு அடியில் ஆறு மணி நேரம் கிடந்தோம். வயிற்றில் பிள்ளையோடு அவள் மறுபடி அந்த மேசைக்கு அடியில் நுழைவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தேன்.

"புயல் வந்தா எல்லாருக்கும்தானங்க வருது. நான் மட்டும் எதுக்குப் போவணும்?" என்றாள் அமுதா.

"நீ ரெண்டு பேரு இப்ப."

"கயலு? அவளுக்குப் பள்ளிக்கூடம். ஒம்போது வயசுப் புள்ளய உங்ககிட்ட வுட்டுட்டு நான் அங்க போயி சோறு திம்பனா?"

"நான் பாத்துக்கறேன். புயல் வந்தா மேச இருக்குது" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

விமான நிலையத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். கர்ப்பிணிகள் பயணம் செய்வதானால் காரணம் எழுத வேண்டும். அந்தக் கட்டத்தில் நானே என் கையால் 'பாதுகாப்பு' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பெண் அதிகாரி அதைப் படித்துவிட்டு, "இவ்வளவு அக்கறையான கணவர் எனக்கு வாய்க்கவில்லை" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அமுதாவின் பிறந்த வீடு வடக்கனந்தலில். என் மாமனாருக்கு நெல்லும் கரும்புமாகக் கொஞ்சம் நிலம். அவளுடைய தம்பி முருகேசன் பி.ஏ. முடித்து நாலு வருடமாக வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தான். எங்கள் சாதிக்குத் தனி இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் சூடு பிடித்திருந்த காலம் அது. அவன் ஊர்க் கமிட்டியில் முக்கியமான ஆளாகியிருந்தான். அவனுடைய கோபம் நியாயமானது என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் நினைத்ததோடு நிற்காமல் அவனுக்கு ஒரு கடிதமும் எழுதினேன். 'மனு எழுதிக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். ரோட்டை மறித்தால்தான் திரும்பிப் பார்ப்பார்கள். மறித்தால் அரைகுறையாக மறிக்கக் கூடாது. ஒரு வண்டி நகரக் கூடாது.' மின்விசிறிக்குக் கீழே, தேநீர் குடித்துக்கொண்டு எழுதினேன். ஒன்பதாயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவனுக்கு வீரம் சுலபமாக வருகிறது. தபால்தலையும் நிறையவே ஒட்டினேன்.

3

செப்டம்பரில் ஒரு மேகக்கூட்டத்துக்கு எண் கொடுத்தார்கள். மறுநாள் பெயரும் கொடுத்தார்கள், ஒரு பெண்ணின் பெயர். அந்தப் பெயருடைய அம்மாள் ஒருவர் எங்கள் ஆலை அலுவலகத்தில் இருக்கிறார். அவர் ஏற்கெனவே போதுமான கேலி கேட்டுவிட்டதால் பெயரை இங்கே எழுதவில்லை.

கயல் புள்ளி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "அப்பா, இது அம்மா லைன்ல வருது."

புரியாமல் போய்ப் பார்த்தேன். புயல் ஏறத்தாழ பதினொன்றே முக்கால் டிகிரியில் மேற்கே நகர்ந்துகொண்டிருந்தது. அவள் பள்ளிக்கூட அட்லஸை எடுத்துப் பார்த்திருக்கிறாள். கள்ளக்குறிச்சியும் அதே கோட்டில்தான் இருக்கிறது. கடைக்காரர் கொடுத்த தாள் ஆப்பிரிக்கக் கரையோடு முடிந்துவிடுவதால், நோட்டுத் தாள்கள் மூன்றைக் கிழித்து வலது பக்கம் பசையால் ஒட்டி, ஆப்பிரிக்காவையும் அரபிக் கடலையும் இந்தியாவையும் அவளே வரைந்திருந்தாள். இந்தியா பலாச்சுளை மாதிரி இருந்தது. அதன் கீழ்ப்பகுதியில் ஒரு புள்ளி வைத்து 'அம்மா' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். தமிழில் எழுதத் தெரியாது. அதற்காக நான் அவளைத் திட்டியது உண்டு, கற்றுக்கொடுத்தது இல்லை.

மூன்றாம் நாள் காலை தந்தி அலுவலகத்திலிருந்து ஆலைக்குத் தொலைபேசி வந்தது. மாமனார் அனுப்பிய தந்தியைக் கிளார்க் நிறுத்தி நிறுத்திப் படித்தார். "லேபர் ஸ்டார்ட்டட். ரோட் பிளாக்ட். டோன்ட் வொரி."

படித்துவிட்டு அவரே தொடர்ந்து பேசினார். "எங்கள் துறைமுகத்திலும் போன மாதம் இதே கதைதான் மிஸ்டர். கூலி உயர்த்தாமல் எப்படி? உங்கள் தொழிலாளர்கள் கட்டாயம் ஜெயிப்பார்கள்."

நானும் ஒரு நிமிடம் அப்படித்தான் நினைத்தேன். என் மாமனார் எதற்காகக் கரும்பு வெட்டும் ஆட்களின் வேலைநிறுத்தத்தை எனக்குத் தந்தி அடிக்கிறார் என்றுகூட யோசித்தேன். ஆங்கிலத்தில் தொழிலாளருக்கும் பிரசவ வலிக்கும் ஒரே சொல் என்பது அடுத்த நிமிடம்தான் உறைத்தது. அமுதாவுக்கு வலி கண்டுவிட்டது, மூன்று வாரம் முன்னதாகவே. ரோடு மறிக்கப்பட்டிருக்கிறது. கவலைப்பட வேண்டாமாம்.

தொலைபேசி நிலையத்துக்கு ஓடினேன். கள்ளக்குறிச்சி என்ற பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். மூன்று மணி நேரம் கழித்து இணைப்பு வந்தது. எதிர்முனையில் ஒருவர் வங்காளத்தில் அன்பாகப் பேசினார். கல்கத்தா. மறுபடி பதிவு செய்தபோது, அந்தப் பக்கம் கம்பிகள் அறுந்து கிடப்பதாகப் பதில் வந்தது. மரங்களை வெட்டிச் சாய்த்தபோது கம்பியும் சேர்ந்து விழுந்திருக்கும். 'ஒரு வண்டி நகரக் கூடாது' என்ற என் எழுத்து கண் முன்னால் வந்து நின்றது.

4

அடுத்த மூன்று நாட்கள் நான் வாழ்ந்த விதத்தை யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். புயல் எங்கே, எவ்வளவு வேகம், எந்தப் பக்கம் முகம் என்று காலை, மதியம், மாலை எனத் தகவல் வந்து விழுந்தது. கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. வடக்கனந்தலிலிருந்து கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு இருக்கும் பத்துச் சொச்சம் மைலில் என் மனைவி எந்த இடத்தில் இருக்கிறாள் என்று சொல்ல உலகத்தில் ஒரு வானொலியும் இல்லை.

புயல் நேராக எங்களை நோக்கி வந்தது. பக்கத்து வீட்டு மிஸ் எல்மா, பள்ளிப் பேருந்து ஓட்டுபவர், பலகைகளோடு வந்து எங்கள் சன்னல்களுக்கும் சேர்த்து ஆணி அடித்தார். நான் சுத்தியலைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"பயப்படாதே. இந்த வீடு நிற்கும்" என்றார்.

வீட்டைப் பற்றி எனக்குப் பயமே இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லப்போனால், ஒரு கேவலமான எண்ணமும் வந்தது. புயல் இங்கே அடித்துவிட்டால் நான் அமுதாவை அனுப்பியது சரி என்று ஆகிவிடும். அதை யாரிடமும் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

கயல் அழவில்லை. தமிழும் அதிகம் பேசவில்லை. பள்ளியில் சொல்லிக்கொடுத்த பிரார்த்தனையை ஆங்கிலத்தில் முணுமுணுத்துக்கொண்டு சன்னல் இடுக்கில் நின்றாள். "நம்ம சாமிகிட்ட கேளு" என்றேன். "நம்ம சாமிக்கு இங்கிலீஷ் தெரியுமாப்பா?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டாள்.

மூன்றாம் நாள் மதியச் செய்தியில் புயல் வடக்கே திரும்பிவிட்டதாகச் சொன்னார்கள். தெருவில் பாட்டும் கைதட்டலுமாகக் கொண்டாட்டம். கொஞ்சம் மழை பெய்தது, ஒரு வாழைமரம் சாய்ந்தது, அவ்வளவுதான். மிஸ் எல்மா ஆணிகளைப் பிடுங்கித் தகரடப்பாவில் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் இரண்டாவது தந்தி வந்தது. 'பெண் குழந்தை. இருவரும் நலம். ரோடு திறந்தாகிவிட்டது.'

கயலைப் பள்ளியிலிருந்து அழைத்து வரும் வழியில் சொன்னேன். அவள் நின்று, "அப்பா, பாப்பா கரையைக் கடந்துடுச்சா?" என்றாள். புயல் கரையைக் கடந்தது என்று நான் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, பத்திரமாக வந்து சேர்வதற்குத் தமிழில் அதுதான் சொல் என்று நினைத்திருக்கிறாள். நான் திருத்தவில்லை. தெருவில் நின்று அழுததுதான் நடந்தது. நான்தான் அழுதேன்.

5

என்ன நடந்தது என்பது நவம்பரில் விடுமுறை எடுத்து, கயலையும் கூட்டிக்கொண்டு அவர்களை அழைத்து வரப் போனபோதுதான் முழுதாகத் தெரிந்தது. அமுதா குழந்தைக்கு எண்ணெய் தேய்த்தபடி சொன்னாள்.

வலி கண்டதும் ஊரில் பிரசவம் பார்க்கும் அம்மாள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, இங்கே வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லிவிட்டார். மாமனார் ஊர்த் தபாலாபீசில் எனக்குத் தந்தி கொடுத்துவிட்டு, டிராக்டர் டிரெய்லரில் வைக்கோல் பரப்பி அவளைப் படுக்க வைத்துக் கிளம்பினார். நாலு மைல் போனதும் ரோட்டின் குறுக்கே ஒரு பெரிய புளியமரம். மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தவன் முருகேசன்.

"அப்பாவ பாத்துட்டு முதல்ல முறைச்சான்" என்றாள் அமுதா. "அப்புறம் என்னைப் பாத்தான். அப்பிடியே மரத்துலேர்ந்து எறங்கி, 'எக்கா, நீ எதுக்குக்கா வந்த?'ன்னு கேக்கறான். நான் இன்னாத்த சொல்றது? சினிமா பாக்க வந்தேன்டான்னேன்."

ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு வழி விட வேண்டும் என்பது கமிட்டியின் முடிவு. ஆனால் விழுந்து கிடக்கும் புளியமரத்துக்கு அந்த முடிவைத் தெரிவிக்க வழியில்லை. முருகேசன் கோடரியை எடுத்து வெட்ட ஆரம்பித்தான். சாய்க்க அரை நாள் ஆன மரம், துண்டு போடவும் அரை நாள் ஆகும். இரண்டு பக்கமும் மழையில் ஊறிய நெல் வயல். டிராக்டர் இறங்கினால் புதைந்துவிடும்.

கல்வராயன் மலையிலிருந்து கடுக்காயும் தேனும் விற்க இறங்கி வந்த நாலு பேர், சந்தைக்குப் போக முடியாமல் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் சடையன் என்பவர் எழுந்து வந்து டிரெய்லரில் எட்டிப் பார்த்திருக்கிறார்.

"டோலி கட்டிக்கலாங்க. ஏரிக்கரை மேல போனா வரப்புலயே கொண்டுபோயி சேத்துடலாம்" என்றார்.

"அவ்ளோ தூரம் எப்பிடிங்க தூக்குவீங்க?" என்று மாமனார் கேட்டாராம்.

"எங்களுக்கு இன்னிக்கா ரோடு இல்ல? மேலேர்ந்து பொம்பளைங்கள எல்லாம் இப்பிடித்தாங்க கொண்டாறோம்."

மூங்கில் ஒன்றை வெட்டி, அமுதாவின் இரண்டு புடவைகளை முறுக்கித் தொட்டில்போல் கட்டினார்கள். முருகேசன் தானும் தோள் கொடுப்பதாக வந்தான். இருபது அடி போவதற்குள் இரண்டு முறை தடுக்கிவிட்டான். நாலு பேர் கால் ஒன்றாக விழ வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருப்பவருக்கு வலி கூடும். "நீங்க வுட்டுடுங்க தம்பி. முன்னால ஓடி வழி கேளுங்க" என்று சடையன் அவனை விலக்கிவிட்டார்.

வரப்பு முடிந்து ரோட்டில் ஏறிய இடத்தில் அடுத்த மறியல். அங்கே இருந்தவர்கள் வேறு ஊர்ப் பையன்கள்.

"கமிட்டி சீட்டு இருக்குதா?" என்று கேட்டார்கள். ஆஸ்பத்திரிக் காரணம் சொல்லிப் பலர் ஏமாற்றிப் போனதால் கையெழுத்துப் போட்ட சீட்டு இருந்தால்தான் விடுவது என்று விதி. விதியைப் போட்டவன் முருகேசன்.

"சீட்டு குடுக்கறவனே நான்தான்டா!"

"அதுல முருகேசன்னு கையெழுத்து இருக்கும்."

"நான்தான் முருகேசன்!"

"அத நாங்க எப்பிடி நம்பறது?"

அமுதா இதைச் சொல்லும்போது குழந்தையைத் தட்டிக்கொண்டே சிரித்தாள். "எனக்கு உசிரு போவுது, இவனுங்க ஆபீசு நடத்திக்கினு இருக்கறானுங்க. துணிய வெலக்கிக் கத்தினேன். 'டேய், அவன் முருகேசன்தான்டா! பொறந்ததுலேர்ந்து எனக்குத் தெரியும். வழி வுடறீங்களா, இங்கயே பெத்துப் போடட்டுமா?' அப்பிடின்னேன். அதுக்கப்புறம் அந்தப் பசங்களே கைகொடுத்து மரத்துக்கு மேல தூக்கி வுட்டாங்க. ஒருத்தன் குடைகூடப் புடிச்சுக்கினு வந்தான்."

ஆஸ்பத்திரியில் சேர்த்த ஒரு மணி நேரத்தில் அறுவை சிகிச்சை செய்து குழந்தையை எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இருவரில் ஒருவர்தான் மிஞ்சியிருப்பார் என்று டாக்டர் சொன்னாராம்.

அமுதா இதைச் சொன்ன அன்று சாயங்காலம் முருகேசன் என்னிடம் தனியாக வந்தான். என் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "மாமா, உங்க லெட்டர கூட்டத்துல படிச்சுக் காட்டினேன். வெளிநாட்டுலேர்ந்து எழுதியிருக்காருன்னு எல்லாரும் கை தட்னாங்க. 'ஒரு வண்டி நகரக் கூடாது'ன்னு எழுதியிருந்தீங்க இல்ல, அத ரெண்டு தபா படிக்கச் சொன்னாங்க."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"சொல்லலீங்க மாமா."

நானும் அப்போது சொல்லவில்லை. இந்தத் தீவுக்குத் திரும்பி இரண்டு மாதம் கழித்துச் சொன்னேன். அமுதா ஒரு முழு நாள் என்னோடு பேசவில்லை. மறுநாள், "ஒதுக்கீடு கேட்டது தப்பில்லீங்க. மரத்த வெட்னது புளியம்பழம் எடுக்கறவன் வயித்துல அடிச்சது. அது வேற. ஆனா நீங்க எழுதும்போது அந்த ரோட்டு மேல நான் இருக்கறேன்னு ஒரு நிமிசம் நெனச்சீங்களா?" என்றாள். இல்லை என்றேன். பொய் சொல்லியிருக்கலாம், அந்த நேரத்தில் தோன்றவில்லை.

6

ஊரை விட்டுக் கிளம்புவதற்கு நாலு நாள் முன்பு முருகேசனைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போனேன். சடையனுக்கு ஒரு நல்ல கம்பளியும் வேட்டி சேலையும் வாங்கியிருந்தேன். அடிவாரம்வரை பஸ், அதற்கு மேல் நடை. மூன்று மணி நேரம் ஏறினோம். பாதி வழியில் என் முழங்கால் மடங்க மறுத்தது. இந்தப் பாதையில் ஒரு மூங்கிலில் ஆளைக் கட்டித் தூக்கி வருகிறார்கள் என்பதை நினைத்துக்கொண்டே ஏறினேன்.

சடையன் சாமை அறுத்துக்கொண்டிருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். முருகேசனை அடையாளம் தெரிந்து சிரித்தார். நான் யார் என்று சொன்னதும் கதிர் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார்.

"அம்மாவும் புள்ளையும் நல்லா இருக்குறாங்களா?"

"நல்லா இருக்கறாங்க. உங்களாலதான்" என்று நன்றி சொல்லத் தொடங்கினேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு அது. அவர் பாதியிலேயே கம்பளியை வாங்கித் தடவிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். போன மாதம்கூட இரண்டு பேரை இறக்கினோம், ஒரு பெண் பிழைக்கவில்லை என்று சாதாரணமாகச் சொன்னார்.

பிறகு அவர் என் ஊரைப் பற்றி விசாரித்தார். கடலுக்கு நடுவில் இருப்பதாகச் சொன்னேன்.

"அங்க ஆசுபத்திரி இருக்குதுங்களா?"

"இருக்குது. எங்க தெருவுலயே."

"ரோடு?"

"தார் ரோடு. நல்ல ரோடு."

அவர் கம்பளியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். கிண்டல் இல்லை. புரியாத ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் முகம்.

"அப்புறம் எதுக்குங்க அந்தம்மாவ இங்க அனுப்பிச்சீங்க?"

"புயல் வரும்னு பயந்தேன்."

"வந்துதுங்களா?"

"இல்ல. வேற பக்கம் போயிடுச்சு."

சடையன் தலையை ஆட்டினார். சாமை சாய்வதற்குள் அறுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு அவர் வேலைக்குத் திரும்பினார்.